மாத்திரை போட்டும் பச்சையாகும் குளம்: வீட்டு நீச்சல் குளத்தில் ஸ்டெபிலைசரைக் குறைப்பது எப்படி?

வீட்டில் நீச்சல் குளம் கட்டியவர்கள் பலர் இரண்டாவது கோடைக்குள் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். குளோரின் மாத்திரை தவறாமல் போடுகிறார்கள். சோதித்துப் பார்த்தால் குளோரின் 3 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம், இருக்கிறது. ஆனால் சுவரோரம் வழுக்குகிறது, படிக்கட்டின் மூலையில் பச்சை படர்கிறது, தண்ணீர் மங்குகிறது. கடையில் கேட்டால் இன்னும் இரண்டு மாத்திரை சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் கொஞ்சம் தெளியும், பிறகு முன்னைவிட மோசமாகும்.

இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டெபிலைசரை. சயனூரிக் அமிலம் என்பது அதன் வேதிப் பெயர். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து வீடுகள் முதல் கோவைப் பக்கத்துத் தோட்ட வீடுகள் வரை, திறந்தவெளிக் குளங்களில் டிசிசிஏ 90 என்ற குளோரின் மாத்திரை போடும் பழக்கம் இருப்பதால், இங்கே இந்தச் சிக்கல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஸ்டெபிலைசர் என்ன செய்கிறது?

வெயில் குளோரினைத் தின்றுவிடும். பாதுகாப்பு எதுவும் இல்லாத குளோரின் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகிவிடும். ஸ்டெபிலைசர் இருந்தால், குளோரினின் பெரும்பகுதி அதோடு ஒட்டிக்கொண்டு வெயிலிலிருந்து தப்பிக்கிறது. தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வந்து கிருமியையும் பாசியையும் கொல்கிறது. திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 பிபிஎம் வரை ஸ்டெபிலைசர் இருப்பது நல்லது. கூரைக்குள் இருக்கும் குளத்துக்கு அது தேவையே இல்லை.

அளவு மீறும்போதுதான் ஆபத்து. ஸ்டெபிலைசர் கூடக் கூட, ஒட்டிக்கொள்ளும் குளோரின் கூடுகிறது, வேலை செய்யும் குளோரின் குறைகிறது. சோதனைக் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒட்டியிருப்பதையும் சேர்த்து 3 என்றே அது காட்டும். ஸ்டெபிலைசர் 30 இருக்கும் குளத்தில் 3 பிபிஎம் குளோரின் செய்யும் வேலையில் ஏறக்குறைய கால்பங்கைத்தான், 120 இருக்கும் குளத்தில் அதே 3 பிபிஎம் செய்யும். குளோரின் 'பூட்டிக்கொண்டுவிட்டது' என்று சிலர் சொல்வார்கள். பூட்டு எதுவும் இல்லை. விகிதம் கெட்டுவிட்டது, அவ்வளவுதான்.

பாசி கண்ணுக்குத் தெரியும். கிருமி தெரியாது. அதனால்தான் இதை வெறும் அழகு சார்ந்த விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். குளத்தில் இறங்குவது பெரும்பாலும் குழந்தைகள்; இறங்கினால் அவர்கள் அந்தத் தண்ணீரைக் கொஞ்சமாவது விழுங்குவார்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சாதாரணக் குளோரின் அளவில் ஒரு வாரத்துக்கும் மேல் உயிரோடு இருக்கக்கூடியது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தை குளத்தை அசுத்தப்படுத்திவிட்டால், அதிக அளவு குளோரின் போட்டுக் குளத்தைச் சுத்தப்படுத்தும் முன் ஸ்டெபிலைசரை 15 பிபிஎம் அளவுக்கோ அதற்குக் கீழோ கொண்டுவர வேண்டும் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். உலக சுகாதார நிறுவனத்தின் நீச்சல் குள வழிகாட்டி, ஸ்டெபிலைசர் லிட்டருக்கு 100 மில்லிகிராமை, அதாவது 100 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்கிறது.

இவ்வளவு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் அந்த வெள்ளை மாத்திரையிலிருந்துதான். டிசிசிஏ என்பது குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்த பொருள். அதன் எடையில் பாதிக்கு மேல், சுமார் 55 சதவீதம், ஸ்டெபிலைசராகத் தண்ணீரில் தங்கிவிடும். எஸ்டிஐசி என்ற குளோரின் தூளிலும் ஏறக்குறைய பாதி அதுவே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர் உள்ள குளத்தில் 50,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால் குளோரின் 3.6 பிபிஎம் கூடும். கூடவே ஸ்டெபிலைசர் 2.2 பிபிஎம் கூடும். குளோரின் வெயிலிலும் அழுக்கிலும் செலவாகிவிடும். ஸ்டெபிலைசர் செலவாகாது. வாரத்துக்கு 5 மாத்திரை என்று வைத்தால் வாரம் 11 பிபிஎம். தண்ணீர் மாற்றாமல் மூன்று மாதம் ஓட்டினால் 140ஐத் தாண்டும்.

தண்ணீர் ஆவியாகும்போது ஸ்டெபிலைசர் கூடவே போவதில்லை. சாண்ட் ஃபில்டர் அதைப் பிடிப்பதில்லை. ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவும் பேக்வாஷின்போது வெளியேறும் சில நூறு லிட்டரோடு கொஞ்சம் போகும். கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வைத்திருந்தால் அந்த வழியும் இல்லாததால் இன்னும் வேகமாகச் சேரும். ஆவியான தண்ணீருக்குப் பதிலாகப் புதுத்தண்ணீர் விட்டு மட்டத்தை ஏற்றினாலும் அளவு குறையாது. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

முதல் படி: சரியாக அளப்பது

குளோரினும் பிஎச்சும் மட்டும் பார்க்கும் சின்னப் பெட்டியில் ஸ்டெபிலைசர் சோதனை இருக்காது. அதிலும் மஞ்சள் நிறம் காட்டும் வகை மொத்தக் குளோரினைத்தான் காட்டும். ஸ்டெபிலைசருக்கென்று தனி கிட் கிடைக்கும்: ஒரு திரவம், ஒரு சிறு புட்டி, அடியில் கருப்புப் புள்ளி உள்ள குழாய். நிறம் மாறும் காகிதப் பட்டைகளில் ஸ்டெபிலைசர் கட்டம் இருந்தாலும், குளத்துத் தண்ணீரை மாற்ற லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் முடிவை அதை நம்பி எடுக்காதீர்கள்.

1. தண்ணீர் உள்ளே பாயும் துவாரத்திலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுங்கள்.
2. கிட்டில் சொன்ன அளவில் தண்ணீரையும் திரவத்தையும் புட்டியில் விட்டு அரை நிமிடம் குலுக்குங்கள். கலவை பால்போல் மங்கும்.
3. வெளியே, பகல் வெளிச்சத்தில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, குழாயை இடுப்பு உயரத்தில் உங்கள் நிழலுக்குள் பிடியுங்கள்.
4. கலவையைக் குழாயில் மெதுவாக ஊற்றுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கருப்புப் புள்ளி மறையும் இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் உள்ள கோட்டைப் படியுங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், உற்றுப் பார்த்தால் புள்ளி இருப்பதுபோலவே தெரியும்.
5. அதே கலவையைப் புட்டியில் திரும்ப ஊற்றி இன்னொரு முறை பாருங்கள்.

100 என்ற கோட்டை எட்டும்போதே, அல்லது அதற்கு முன்பே, புள்ளி மறைந்துவிட்டால் உண்மையான அளவு 100, 150, 250 என எதுவாகவும் இருக்கலாம். அப்போது ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு ஒரு பங்கு குழாய்த் தண்ணீரைக் கலந்து, அந்தக் கலவையைச் சோதித்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். பலர் இதைச் செய்யாமல் 100 என்றே எழுதிக்கொண்டு, பாதித் தண்ணீரை மாற்றிய பிறகும் கருவி 100 காட்டுகிறதே என்று திகைக்கிறார்கள்.

இரண்டாம் படி: மாத்திரையை நிறுத்துவது

அளந்த அன்றே, மாத்திரை போட்டு மிதக்கவிடும் மிதவையையும், மேல்மட்டத் தண்ணீரை உள்ளிழுக்கும் ஸ்கிம்மரில் கிடக்கும் மாத்திரைகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். குழாய் திறந்திருக்கும்போது தரையைத் துடைத்துப் பயனில்லை. குளோரினுக்கு இனி திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்தான். கேனில் விற்பது வழக்கமாக 10 முதல் 12 சதவீதம் இருக்கும். அதில் ஸ்டெபிலைசர் துளியும் இல்லை.

50,000 லிட்டர் குளத்தில் 10 சதவீத ஹைப்போ 1 லிட்டர் ஊற்றினால் குளோரின் 2 பிபிஎம் கூடும். நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு 1 முதல் 2 லிட்டர் தேவைப்படலாம். சூரியன் மறைந்த பிறகு, மோட்டார் ஓடும்போது, தண்ணீர் உள்ளே பாயும் துவாரத்துக்கு எதிரே மெதுவாக ஊற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் செய்யாதீர்கள். ஹைப்போ வெப்பத்தில் வீரியம் இழக்கும். அதனால் மாதக்கணக்குக்கு வாங்கி மொட்டை மாடியில் அடுக்காமல், புதிதாகக் கொஞ்சம் வாங்கி நிழலில் வையுங்கள்.

தினமும் ஊற்றுவது வேலைதான். மாத்திரையின் வசதி அதில் இல்லை. ஆனாலும் நான் ஹைப்போவின் பக்கமே நிற்பேன். கால்சியம் ஹைப்போகுளோரைட்டிலும் பிளீச்சிங் பவுடரிலும்கூட ஸ்டெபிலைசர் கிடையாது. ஆனால் அவை கால்சியத்தைச் சேர்க்கும். போர்த் தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருக்கும் ஊர்களில், கொஞ்ச நாளில் டைல்ஸ் ஓரம் வெள்ளைப் படிவம் ஏறிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிசிசிஏ மாத்திரையையும் பிளீச்சிங் பவுடர் அல்லது கால்சியம் ஹைப்போவையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மாத்திரை போட்ட மிதவையில் வேறு எந்தக் குளோரினும் போகக் கூடாது. அளக்கும் கரண்டிகூடத் தனித்தனியாக இருக்கட்டும். ஹைப்போவும் அமிலமும் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும். அந்த இரண்டு கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு தண்ணீர் மாற்றுவது?

அளவு 50க்குள் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். 50 முதல் 80 வரை என்றால் மாத்திரையை நிறுத்தி, குளோரினைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, மழையை எதிர்பார்த்து ஓட்டலாம். குளோரின் எப்போதும் ஸ்டெபிலைசரில் குறைந்தது 7.5 சதவீதம் இருக்கட்டும்: 40க்கு 3, 80க்கு 6. அதற்கு மேல் போனால் இந்தக் கணக்கே கட்டுப்படியாகாது. 100ஐத் தாண்டியிருந்தால் தண்ணீரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஸ்டெபிலைசரைக் கரைத்துவிடும் என்று விற்கப்படும் நொதித் தூள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில குளங்களில் வேலை செய்கின்றன, பல குளங்களில் செய்வதில்லை. அந்தக் காசில் லாரித் தண்ணீர் வாங்கினால் பலன் உறுதி.

கணக்கு எளிது. எத்தனை பங்கு தண்ணீரை வெளியேற்றிப் புதுத்தண்ணீர் விடுகிறீர்களோ, அத்தனை பங்கு ஸ்டெபிலைசர் போகும். 120 இருக்கும் குளத்தை 40க்குக் கொண்டுவர மூன்றில் இரண்டு பங்கை மாற்ற வேண்டும். 50,000 லிட்டர் குளத்தில் அது சுமார் 33,000 லிட்டர்; 12,000 லிட்டர் லாரி மூன்று. ஒரே தடவையில் அவ்வளவு இறக்காமல், மூன்றில் ஒரு பங்காக மூன்று முறை மாற்றினால் 120 முதலில் 80 ஆகும், பிறகு 53, பிறகு 36. மொத்தத்தில் 50,000 லிட்டர் தேவைப்படும், லாரி ஒன்று அல்லது இரண்டு கூடும். ஆனாலும் குளத்துக்கு இதுதான் பத்திரம்.

பத்திரம் என்று சொல்லக் காரணம் நிலத்தடி நீர். காலியான குளம் ஒரு பெரிய தொட்டி. கீழே மண்ணில் நீர் மட்டம் உயர்ந்திருந்தால், அது குளத்தை அடியிலிருந்து மேலே தள்ளும். தளம் விரிசல் விடும். ஃபைபர் குளம் என்றால் அப்படியே மேலே எழும்பிவிடும். கடற்கரையோர மணல் பகுதிகளில் மழைக்காலத்தில் நீர் மட்டம் சட்டென்று உயரும். வீட்டில் திறந்த கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள்: கிணற்று நீர் மட்டம் குளத்தின் தரை மட்டத்தைவிட உயரத்தில் இருந்தால் குளத்தைக் காலி செய்யும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கோடையில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் காலியான குளத்தில் மே மாத வெயில் நேராக விழுந்தால் டைல்ஸ் பெயரலாம். வினைல் விரிப்புள்ள குளமானால் விரிப்பு சுருங்கும். ஆகவே எந்தக் காலத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் இறக்க வேண்டாம்.

நான்காம் படி: வெளியேற்றுவதும் நிரப்புவதும்

இறக்குவதற்குச் சில நாள் முன்பே குளோரின் போடுவதை நிறுத்துங்கள். ஸ்டெபிலைசர் அதிகமுள்ள தண்ணீரில் குளோரின் இறங்க வழக்கத்தைவிட நாள் பிடிக்கும். அந்த நாட்களில் யாரும் குளத்தில் இறங்க வேண்டாம். சோதனையில் குளோரின் பூஜ்யம் என்று வந்த பிறகு வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீர் கிணற்றுக்கோ, மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ, மீன் உள்ள குட்டைக்கோ போகக் கூடாது. தென்னைக்கும் புல்தரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ச்சலாம். உப்புநீர்க் குளமாக இருந்தால் அதுவும் வேண்டாம். தெருவில் விடுவதானால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விடுங்கள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு ஃபில்டரில் உள்ள மல்டிபோர்ட் வால்வை, தண்ணீரை வெளியே தள்ளும் 'வேஸ்ட்' நிலைக்குத் திருப்புங்கள். ஓடும்போது திருப்பினால் வால்வின் உள்வளையம் பழுதாகும். நீர்மட்டம் ஸ்கிம்மருக்குக் கீழே போகும் முன் ஸ்கிம்மர் வால்வை மூடி, அடித்துவாரத்திலிருந்து மட்டும் இழுக்க விடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் காற்றை இழுத்துச் சூடாகிவிடும். மோட்டார் இப்படி அடித்துவாரத்தில் மட்டும் இழுக்கும் நேரத்தில் எவரும், முக்கியமாகக் குழந்தைகள், தண்ணீரில் இருக்கவே கூடாது. அந்த உறிஞ்சும் விசையில் முடியோ உடலோ சிக்கினால் பெரியவராலும் விடுவிக்க முடியாது.

நிரப்பிய பிறகு ஒரு முழு நாள் மோட்டாரை ஓட்டித் தண்ணீரைக் கலக்கவிட்டு, அதற்குப் பிறகு அளந்து பாருங்கள்.

மழையை வேலை வாங்கலாம்

அவசரம் இல்லாதவர்களுக்கு, சென்னையிலும் அதைச் சுற்றியும் இருப்பவர்களுக்கு, லாரியே வேண்டாம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 1.25 மீட்டர் ஆழக் குளத்துக்கு இது எவ்வளவு பெரிய கொடை! மழைநீரில் ஸ்டெபிலைசர் கிடையாது.

மழை அறிவிப்பு வந்ததும் நீர்மட்டத்தை 25 சென்டிமீட்டர் மட்டும் இறக்குங்கள். மழை அதை நிரப்பும்போது ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாறியிருக்கும். 120 என்பது 96 ஆகும். ஒரு பருவத்தில் மூன்று முறை இப்படி நிரம்பினால் 61க்கு வந்துவிடும். குளம் நிறைந்திருக்கும்போது பெய்து வழிந்தோடும் மழையாலும் குறையும். ஆனால் புது மழைநீர் மேலாகவே வழிந்துவிடுவதால் பலன் குறைவு. முன்கூட்டியே இறக்கி வைப்பதுதான் இதில் சூட்சுமம். குளத்தைச் சுற்றியுள்ள தரையில் ஓடும் தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது மண்ணையும் உரத்தையும் கொண்டுவரும். மழைக்குப் பிறகு காரத்தன்மையும் கால்சியமும் இறங்கியிருக்கும், அவற்றையும் சோதியுங்கள்.

ஐந்தாம் படி: மற்ற அளவுகளைத் திருத்துவது

டிசிசிஏ புளிப்பானது, பிஎச்சைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். அதனால் மாத்திரைக் குளங்களில் பிஎச்சை ஏற்றும் சோடா ஆஷ் போட்டுப் போட்டுப் பழகியிருப்பார்கள். ஹைப்போவுக்கு மாறிய பிறகும் அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தால் பிஎச் 8ஐத் தாண்டிவிடும். இனி அளந்து பார்த்துவிட்டுத்தான் எதையும் போட வேண்டும். பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நின்றால் போதும்.

மொத்தக் காரத்தன்மைச் சோதனையில் ஸ்டெபிலைசரும் சேர்ந்து எண்ணப்படுகிறது. ஸ்டெபிலைசரில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால்தான் உண்மையான அளவு தெரியும். காரத்தன்மை 110, ஸ்டெபிலைசர் 120 என்றால் உண்மையில் 70தான்.

பாசி இருந்தால் தண்ணீர் மாற்றிய பிறகே அதோடு போராடுங்கள். ஸ்டெபிலைசர் 40க்கு வந்ததும், குளோரினை அதில் 40 சதவீதத்துக்கு, அதாவது 16 பிபிஎம்முக்கு, ஹைப்போவால் ஏற்றி, சுவரையும் தரையையும் தினமும் தேய்த்து, தண்ணீர் தெளிந்து, இரவு முழுக்க குளோரின் இறங்காமல் நிற்கும்வரை அந்த அளவிலேயே வைத்திருக்க வேண்டும். 120 இருக்கும்போது இதையே செய்ய 48 பிபிஎம் தேவைப்படும். குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை குளத்தில் இறங்க வேண்டாம். அடித்துவாரம் மேலிருந்து தெளிவாகத் தெரியாத அளவுக்குத் தண்ணீர் மங்கியிருந்தால், வேறு எல்லா அளவும் சரியாக இருந்தாலும் யாரையும் இறக்காதீர்கள். மூழ்கும் குழந்தை அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு

ஸ்டெபிலைசரை மாதம் ஒரு முறை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பராமரிக்க வரும் அண்ணன் எந்தப் பொருள் எவ்வளவு போட்டார் என்பதையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் மாத்திரை போட்டது சோம்பலால் அல்ல, வாரம் ஒரு முறை வருபவருக்கு அதுதான் சாத்தியமாக இருந்தது. வீட்டில் ஒருவர் தினமும் ஹைப்போ ஊற்றும் பொறுப்பை எடுத்துக்கொண்டால் அவரும் மகிழ்ச்சியாக மாறிக்கொள்வார்.

மழைக்காலம் முடிந்து ஸ்டெபிலைசர் 30க்குக் கீழே இறங்கியிருந்தால், மிச்சமிருக்கும் மாத்திரைகளுக்கு அப்போது வேலை வரும். 50,000 லிட்டர் குளத்தில் ஒவ்வொரு மாத்திரையும் 2.2 பிபிஎம் கூட்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகும் வாரத்தில் மட்டும் மிதவையில் போடுங்கள். மற்ற நாட்களில் அந்த டப்பா மூடியபடி, ஈரம் படாத இடத்தில், ஹைப்போவுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் தூரமாக, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.